சுவரும் சித்தாளும்

(இணையவழி இலக்கியக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ஹாம்பர்க்கில் மதியம் இரண்டரை மணி, வெளியே மழை. தமிழ்நாட்டில் மாலை ஆறு ஆகியிருக்கும். இன்றைக்குச் செங்கல்லைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு நண்பர், "இலக்கியக் கூட்டத்தில் செங்கல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? விலை நிலவரமா?" என்று கேட்டார். விலையும் கொஞ்சம் வரும். ஆனால் நான் பேச நினைப்பது, செங்கல் சுவரைப் படம் எடுத்தவர்களைப் பற்றி. அந்தப் படங்களில் எது தெரிகிறது, எது தெரியாமல் போகிறது என்பதைப் பற்றி.

கேமரா வாங்கிய எவரும் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. புது லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு செங்கல் சுவருக்கு நேரே நின்று ஒரு படம் எடுப்பார்கள். லென்ஸ் நேர்கோட்டை வளைக்கிறதா, படத்தின் மூலைகளில் தெளிவு குறைகிறதா என்று பார்க்கச் செங்கல் சுவரைவிட மலிவான கருவி கிடையாது. ஒளிப்படக்காரர்கள் நடுவே இது ஒரு கேலியும்கூட. ‘அவர் நன்றாகச் சுவர் எடுப்பார்’ என்றால், கருவி மட்டும் நிறைய வைத்திருக்கிறார், படம் ஒன்றும் எடுத்ததில்லை என்று பொருள். நான் பல வருடங்களாகச் சுவர்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே கேலிக்கு உட்பட்டவன் என்ற முறையில் பேசுகிறேன்.

இன்னொரு தகுதியும் உண்டு. அப்பா கொத்தனார். அம்மா கல்யாணத்துக்கு முன்பு பண்ருட்டிப் பக்கம் ஒரு சூளையில் கல் அறுத்தவர், பிறகு இருபது வருடம் சித்தாள். ஊருக்கெல்லாம் வீடு கட்டிய அப்பாவின் சொந்த வீடு பதினொரு வருடம் பூசாமல் நின்றது. நம்மூரில் பூசாத சுவர் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். விருந்தாளி வந்தால் அம்மா அந்தப் பக்கச் சுவரில் ஒரு பழைய புடவையைக் காயப்போட்டு மறைத்துவிடுவார். நான் ஹாம்பர்க் வந்து முதல் மாதம் தெருப்படங்களை அனுப்பினேன். அம்மா போனில் கேட்டது இதுதான்: "ஏன் தம்பி, அவ்வளவு பணக்கார ஊர்ல ஒருத்தருமா பூசல?"

பூசவில்லைதான். வடஜெர்மனியில் பூசாத செங்கல்தான் வீட்டின் முகம். அதற்குக் காரணம் அழகுணர்ச்சி அல்ல, மண். பால்டிக் கடலோரத்திலிருந்து உள்ளே விரியும் அந்தச் சமவெளியில் வெட்டி எடுக்கப் பாறை இல்லை. பனியாறுகள் விட்டுப்போன களிமண் இருக்கிறது. ஆகவே பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து தேவாலயம், கோட்டை வாயில், நகர மன்றம் எல்லாமே சுட்ட மண்ணில் எழுந்தன. பிரான்சில் கல்லில் செதுக்கிய கோதிக் பாணியை இங்கே அச்சில் வார்த்துச் சுட்டார்கள். வளைவுக்கு ஒரு அச்சு, தூண் விளிம்புக்கு ஒரு அச்சு. லூபெக் நகரின் மரியாள் தேவாலயத்தில் உட்கூரை முப்பத்தெட்டு மீட்டருக்கு மேல் உயரம், முழுக்கச் செங்கல்.

இதைக் கேட்டால் நமக்குக் காவிரி நினைவுக்கு வரவேண்டும். தஞ்சைச் சமவெளியிலும் கல் கிடையாது. அங்கேயும் முதலில் எழுந்தவை செங்கல் கோயில்கள்தான். பிறகு செம்பியன் மாதேவி காலத்தில் அவை ஒவ்வொன்றாகக் கற்றளி ஆயின. கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்னால் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று பெருமையாகக் கல்வெட்டு வெட்டிவைத்தான். அந்தப் பட்டியலில் செங்கல் இருப்பதைக் கவனியுங்கள். நமக்குச் செங்கல் என்பது தாண்டிப் போகவேண்டிய ஒரு படி. லூபெக் வணிகர்கள் அப்படித் தாண்டவில்லை. ஊரில் இருந்த களிமண்ணிலேயே நின்று அதன் எல்லைவரை போனார்கள். எது உயர்ந்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்தவன் அந்த வாதத்தில் நடுநிலையாக இருக்க முடியாது.

லூபெக்கின் ஹோல்ஸ்டன் வாயிலை நீங்கள் பார்த்திருக்கலாம், பழைய ஐம்பது மார்க் நோட்டில் இருந்தது. 1464 முதல் 1478 வரை கட்டியது. சதுப்பு மண்ணில் கட்டியதால் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துவிட்டு மென்பொருளில் போட்டு நிமிர்த்துகிறார்கள். ஐந்நூறு வருடம் சிரமப்பட்டுச் சாய்ந்ததை ஒரு நொடியில் நேராக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போது திரையில் ஒரு படம் காட்டுகிறேன். தெரிகிறதா? இது ஹாம்பர்க்கின் சிலிஹவுஸ். கட்டடக் கலைஞர் ஃபிரிட்ஸ் ஹோகர், 1922 முதல் 1924 வரை. பத்து மாடி, சுமார் 48 லட்சம் செங்கல். கிழக்கு மூலையைக் கப்பலின் முனைபோலக் கூராக்கியிருக்கிறார். உண்மையில் அதைக் கப்பல் ஆக்கியதில் ஒளிப்படத்துக்கும் பங்கு உண்டு. கட்டி முடித்ததும் டிரான்ஸ்ஃபெல்ட் சகோதரர்கள் கீழிருந்து அந்த முனையை எடுத்த படம் உலகமெல்லாம் பரவியது. இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் அதே இடத்தில் நின்று அதே படத்தைத்தான் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். பிறகு இரண்டடி தூரத்தில் நின்று சுவரை மட்டும் எடுத்தேன். அந்த இரண்டாவது படத்தைத்தான் அப்பாவுக்கு அனுப்பினேன்.

அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "ஒரு கல்லு மாதிரி இன்னொரு கல்லு இல்ல. பொறுக்கித் தள்ளாம அப்படியே வச்சிருக்கான்." உண்மை. கருஞ்சிவப்பு, ஊதா, கிட்டத்தட்ட கறுப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். கிளிங்கர் என்று சொல்லப்படும் இந்தக் கல்லை மிக அதிகச் சூட்டில், மண் உருகத் தொடங்கும் அளவுக்குச் சுடுகிறார்கள். தண்ணீர் உள்ளே இறங்காது. தட்டினால் மணிபோலச் சத்தம் வரும். இரண்டாவது, ஒரு கேள்வி: "இது தாங்குற சுவரா, போர்த்துன சுவரா?"

எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே சிறந்தது அந்தக் கேள்விதான். சிலிஹவுஸ் போர்த்திய சுவர். உள்ளே இருப்பது கான்கிரீட் சட்டகம். எசன் நகரில் சோல்ஃபெரைன் சுரங்கத்தின் பன்னிரண்டாம் குழி, 1932இல் திறந்தது. அங்கேயும் எஃகுச் சட்டத்துக்குள் அடைத்த செங்கல்தான். எடையைத் தாங்குவது வேறு ஏதோ. படத்தில் அது தெரியாது. இன்னொன்றும் படத்தில் தெரியாது. அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஹென்றி ஸ்லோமன், சிலி நாட்டுப் பாலைவனத்தில் வெடியுப்பு எடுத்துச் சம்பாதித்தவர். பெயரே அதனால்தான். அந்தப் பணத்தை வெட்டி எடுத்தவர்கள் ஹாம்பர்க்கைப் பார்த்ததில்லை.

சுவரைப் படம் எடுப்பதில் உள்ள தொழில் நுணுக்கம் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். நேர் எதிரிலிருந்து வெயில் விழுந்தால் சுவர் தட்டையான தாள். பக்கவாட்டில் சுவரை உரசிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு கல்லும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். கலவை எங்கே உள்வாங்கியிருக்கிறது, எந்தக் கல் நூல் பிசகியிருக்கிறது எல்லாம் தெரியும். இங்கே குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தாழ்வாகவே இருப்பதால் இது எளிது. தமிழ்நாட்டில் என்றால் காலை ஏழு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். அப்பா பூசு வேலையைச் சரிபார்க்கச் சாயங்காலம் சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அதே தத்துவம்தான்.

1928இல் ஆல்பர்ட் ரெங்கர்-பாட்ஷ் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பு ‘உலகம் அழகானது’. செடி, பாம்பு, இயந்திரம், ஆலைக் கூரை என்று நூறு படங்கள். அவர் வைக்க விரும்பிய தலைப்பு ‘பொருள்கள்’ மட்டும், பதிப்பாளர்தான் மாற்றினார். பாவம், அந்தத் தலைப்புக்காக அவர் வாங்கிய அடி கொஞ்சமல்ல. வால்டர் பெஞ்சமின், எதை எடுத்தாலும் அழகாக்கிவிடும் இந்தப் படங்களால் அந்தப் பொருள் மனித வாழ்வில் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிவதில்லை என்று தாக்கினார். அதற்கு பிரெக்ட்டையும் துணைக்கு அழைத்தார். ஒரு பெரிய ஆலையின் படம் அந்த ஆலையைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை என்பது பிரெக்ட்டின் கருத்து. ஏழு வாசல் கொண்ட நகரைக் கட்டியது யார் என்று தொழிலாளி கேட்கும் பிரெக்ட்டின் கவிதையை இந்தக் கூட்டத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். அதை நான் வாசிக்கப்போவதில்லை. மேடைகளில் அதை வாசித்து வாசித்துத் தேய்த்துவிட்டோம்.

பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி வேறு வழியில் போனார்கள். சுமார் ஐம்பது வருடம் தண்ணீர்த் தொட்டி, சுரங்கக் கோபுரம், சுண்ணாம்புச் சூளை என்று எடுத்தார்கள். பெரிய கேமரா, மேகமூட்டமான நாள், நேர்ப்பார்வை, மனிதர் எவரும் சட்டகத்துக்குள் கிடையாது. பிறகு ஒரே வகையைச் சேர்ந்த ஒன்பது அல்லது பன்னிரண்டு படங்களைக் கட்டம் கட்டி அடுக்குவார்கள். செங்கல் சுவரின் முறைதான் அது என்று எனக்குத் தோன்றும். ஒன்று மற்றொன்றைப் போலவே இருக்கும், இருக்காது. 1990இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்த தங்கச் சிங்கம் சிற்பத்துக்கான பரிசு என்பது ஒரு நல்ல வேடிக்கை. அவர்கள் எடுத்தவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். அதனால் அந்தப் படங்களின் மதிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அவற்றின் முன்னால் நிற்கும்போது, வேலை நிறுத்த நாளில் ஆலைக்குள் நுழைந்ததுபோல ஒரு உணர்வு வரும். எல்லாரும் எங்கே?

அந்த இடத்தில்தான் எனக்கு ஆகஸ்ட் சாண்டர் வேண்டியிருக்கிறது. இதோ, 1928, கொலோன். இந்த நூற்றாண்டின் மனிதர்கள் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பெருந்தொகுப்பில் ஒன்று. ஓர் இளைஞன். கழுத்துக்குப் பின்னால் தோள்களின் குறுக்கே ஒரு பலகை, அதில் இரண்டு பக்கமும் அடுக்கிய செங்கல். பின்னணி முழுக்க இருட்டு. நேராக நம்மைப் பார்க்கிறான். செங்கற்கள் அவனுக்குச் சிறகு முளைத்ததுபோல நிற்கின்றன என்று பலரும் எழுதிவிட்டார்கள், நான் அதைத் திரும்பச் சொல்லவில்லை. எனக்கு முக்கியம் படத்தின் பெயர். ‘ஹாண்ட்லாங்கர்’. ஹாண்ட் என்றால் கை. கைக்கு எடுத்துக் கொடுப்பவன். நம் ‘கையாள்’ அப்படியே. வேடிக்கை என்னவென்றால், கையாள் என்ற சொல் தமிழில் எப்படி இழிந்துபோய் அடியாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதோ, ஜெர்மனிலும் அந்தச் சொல் அப்படியே இழிந்துவிட்டது. இரண்டு மொழியும் தனித்தனியாக யோசித்து, உதவியாளனை ஒரே மாதிரி அவமானப்படுத்தியிருக்கின்றன. சித்தாள் என்பது இன்னும் ஒரு படி கீழே. சின்ன ஆள்.

இந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். முதலில், "தோள்ல ஏன் வச்சிருக்கான், கழுத்து போயிடுமே. சும்மாடு வச்சுத் தலையில ஏத்தினா முதுகு நேரா நிக்கும்" என்றார். தலையில் ஒரு பலகை, அதன்மேல் எட்டுக் கல், கல்லை எடுக்கும்போதே எண்ணிக்கை, சாரத்தில் ஏறும்போது பார்வை எங்கே இருக்கவேண்டும் என்றெல்லாம் கொஞ்சநேரம் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். இருபது வருடத்தில் அவர் இதையெல்லாம் பேசி நான் கேட்டதில்லை. பிறகு, "இவன் பேர் என்ன?" என்றார்.

பெயர் இல்லை. சாண்டர் தொழிலைத்தான் தலைப்பாக வைத்தார். ஆனாலும் அவன் முகம் இருக்கிறது. 1929இல் சாண்டரின் அறுபது படங்கள் புத்தகமாக வந்தன, ஆல்ஃப்ரெட் டோப்ளின் முன்னுரையோடு. 1936இல் நாஜிகள் அதன் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். ஜெர்மானியரின் முகம் இப்படிப்பட்டதாக இருக்கக்கூடாது என்று நினைத்தார்கள் போலும். அவருடைய மகன் எரிக் அரசியல் கைதியாகச் சிறையிலேயே 1944இல் இறந்தார். எங்கள் வீட்டில் அம்மா கல் சுமக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணப் படம் இருக்கிறது, ரேஷன் அட்டைப் படம் இருக்கிறது.

ஹாம்பர்க்கின் தென்கிழக்கே பெர்கெடோர்ஃபிலிருந்து பேருந்து பிடித்தால் நொயன்காமே வரும். தட்டையான விவசாய நிலம், கால்வாய், நல்ல களிமண். அங்கே மூடிக்கிடந்த ஒரு செங்கல் ஆலையை எஸ்.எஸ். 1938இல் வாங்கி வதைமுகாம் அமைத்தது. எல்பே நதிக்கரையில் பிரம்மாண்டமான கட்டடங்கள் எழுப்ப நாஜிகள் திட்டமிட்டிருந்தார்கள். அதற்குக் கிளிங்கர் கல் வேண்டும். 1940இல் ஹாம்பர்க் நகரம் எஸ்.எஸ்ஸோடு ஒப்பந்தம் போட்டது. புதிய ஆலையைக் கைதிகளே கட்டினார்கள். களிமண் குழியில் இடுப்பளவு சேற்றில் மண் வெட்டினார்கள். படகு வரக் கால்வாயைத் தோண்டினார்கள். அந்த முகாமிலும் அதன் கிளைகளிலும் இறந்தவர்கள் குறைந்தது 42,900 பேர். நதிக்கரையில் அந்தக் கட்டடங்கள் கடைசிவரை எழவே இல்லை. போருக்குப் பிறகு நகரம் அந்த இடத்தையே சிறைச்சாலையாகப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது. முழு வளாகமும் நினைவிடமாக மாறியது 2000த்துக்குப் பிறகுதான்.

அந்த ஆலை இன்றும் நிற்கிறது. நீளமான செங்கல் கட்டடம், வண்டிகள் ஏற ஒரு சாய்தளம். நான் போனது நவம்பரில். மூன்று மணிக்கு வெயில் சுவரை உரசிக்கொண்டு விழுந்தது. கல் வரிசை தப்பாமல் இருக்கிறது. மிக அழகான சுவர் அது. இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சுவருக்கு ஒன்றும் தெரியாது. பசியில் நின்றவன் வைத்த கல்லும் கூலி வாங்கியவன் வைத்த கல்லும் நூல் பிடித்தால் ஒரே நேர்கோட்டில்தான் நிற்கும். அங்கே நான் எடுத்த படத்தை உங்களுக்குக் காட்டப்போவதில்லை. காட்டினால் நன்றாக இருக்கிறது என்பீர்கள்.

போர் முடிந்த பிறகு செங்கல் படங்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை, ஊர் முழுக்கச் செங்கல்தானே கிடந்தது. ஹெர்மன் கிளாசன் கொலோனை எடுத்தார், ரிச்சர்ட் பீட்டர் டிரெஸ்டனை எடுத்தார். பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கல்லைக் கடத்தும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் பழைய காரையைத் தட்டி எடுத்து, கல்லைத் திரும்பக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண்களுக்குச் சிலை உண்டு. நாட்டையே அவர்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள் என்பது மிகைதான், பெரும்பகுதி வேலையை நிறுவனங்களும் இயந்திரங்களும் செய்தன என்று வரலாற்றாய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். மிகை என்றாலும் சித்தாளுக்குச் சிலை வைத்த நாடு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கடைசியாக ஒரு படம். இது அசையும் படம். ஹாருன் ஃபரோக்கி, ஜெர்மனியின் முக்கியமான ஆவணப்பட இயக்குநர். அப்பா இந்தியர், அம்மா ஜெர்மானியர். 2009இல் ‘ஒப்பிடும் பொருட்டு’ என்ற பொருளில் தலைப்பிட்டு, செங்கல் செய்வதை மட்டுமே அறுபத்தொரு நிமிடம் காட்டினார். விளக்கக் குரல் கிடையாது. நடுநடுவே சில எழுத்து அட்டைகள், அவ்வளவுதான். புர்கினா ஃபாசோவில் காண்டோ என்ற கிராமத்தில் ஊரே கூடி மண் பிசைந்து கல் செய்கிறது. அது பெர்லினில் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரேயின் ஊர், 2022இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர். பிறகு இந்தியச் சூளைகள். பிறகு ஐரோப்பிய ஆலைகள், அங்கே ஒரு மனிதர் பொத்தானுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சூரிச்சில் ஓர் இயந்திரக் கை கல் மேல் கல் வைக்கிறது. ஒரு கல்லுக்கு எத்தனை கை படுகிறது என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே வருகிறது.

அதில் நம் புதுச்சேரிப் பக்கம் எடுத்த பகுதியும் உண்டு. பச்சைக்கல்லால் வீட்டைக் கட்டி, அதற்குள்ளேயே இன்னும் பச்சைக்கல்லை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிக் கொளுத்துகிறார்கள். தீ அடங்கியதும் உள்ளே இருந்த கல்லை வெளியே எடுத்தால், வீடும் வெந்து, விற்கக் கல்லும் தயார். அந்த வட்டாரத்தில் இந்த முறையை வருடக்கணக்காகச் சோதித்தவர் மட்பாண்டக் கலைஞர் ரே மீக்கர், அமெரிக்காவிலிருந்து வந்து அங்கேயே தங்கியவர்.

ஃபரோக்கி எவருடைய பெயரையும் போடுவதில்லை, எவருக்காகவும் இரங்கச் சொல்வதில்லை. ஆனால் அவர் கேமரா அவசரப்படுவதில்லை. ஒரு பெண் கல்லைத் தலையில் ஏற்றும்போது ஏற்றி முடிக்கும்வரை காத்திருக்கிறது. ஏற்றுகிற அந்தச் செயலில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. சாண்டரின் இளைஞன் நமக்காக நின்றான். இவர்கள் நிற்பதில்லை, வேலை பார்க்கிறார்கள். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

விலையைச் சொல்வதாகச் சொன்னேன். அம்மா சூளையில் இருந்தபோது ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகவேண்டும், மழை வந்து பச்சைக்கல் கரைந்தால் அந்தக் கல் கணக்கில் வராது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. 2011இல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து ஒடிசாத் தொழிலாளர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை வரம்பில்லாமல் தோண்டியதால் வழக்காகி, 2021இல் அங்கிருந்த சூளைகளை மூடவைத்தார்கள். மண்ணுக்கும் யானைக்கும் அது நல்லது. அங்கே கல் அறுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எங்கே போயின என்று தேடினால், சென்னை, பெங்களூர் என்று ஏதாவது ஒரு கட்டட வேலையில் இருப்பார்கள். அவர்களில் யாரிடமாவது இன்று கைப்பேசி கேமரா இருக்கிறது. சக சித்தாளை அவர்களே எடுத்த படங்கள் நிறைய வாட்ஸப்பில் சுற்றுகின்றன. எனக்கும் என் சித்தி மகள் நாலைந்து அனுப்பினாள். வெளிச்சம் நேர் எதிரே, சுவர் தட்டையாக இருக்கிறது. எல்லாப் படத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் போட்டிருக்கிறாள்.

நேரமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் செய்தி அனுப்புகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஹோல்ஸ்டன் வாயிலை நிமிர்த்துவது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்.